மூணு டப்பா மல்டிவைட்டமின்: எதைப் பிரிக்கிறது?

வெயில்பூனை:

வணக்கம். மேஜை மேல மூணு மல்டிவைட்டமின் டப்பா வரிசையா நிக்குது. ஒண்ணு நாத்தனார் வாங்கித் தந்தது. ஒண்ணு, "முடி கொட்டுறது நின்னே போயிடும்"னு ஆபீஸ் தோழி சத்தியம் பண்ணாத குறையா சொன்னதால நானே ஆர்டர் போட்டது. இன்னொண்ணு அம்மாவுக்குன்னு தம்பி அனுப்பினது. எதையும் இன்னும் பிரிக்கல. அதுக்கு முன்னாடி இங்க கேட்டுடலாம்னு வந்தேன்.

எனக்கு 41 வயசு. ரொம்ப நாளா அலுப்பு, முடி கொட்டுது, மாதவிலக்குல போக்கும் கொஞ்சம் அதிகம். அம்மாவுக்கு 68, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், தைராய்டுக்கு தைராக்ஸின், ரெண்டும் பல வருஷமா ஓடுது. வீட்டுக்காரருக்கு 46, மாத்திரை எதுவும் கிடையாது. ஒரே டப்பாவை வச்சு மூணு பேரும் சமாளிச்சுக்கலாம்னு ஒரு ஆசை.

லேபிள்ல இருக்கிறதை அப்படியே தட்டுறேன்.

சிவப்பு டப்பா (தோழி சொன்னது, காப்ஸ்யூல்): பயோட்டின் 5000 மைக்ரோகிராம், பி6 50 மி.கி., பி12 1000 மைக்ரோகிராம், பீட்டா கரோட்டின் 15 மி.கி., ஜிங்க் 50 மி.கி., இரும்பு 18 மி.கி., "மூலிகைக் கலவை" 350 மி.கி. எல்லாம் "ஒரு வேளைக்கு 2 காப்ஸ்யூல்" கணக்கு.

ஜெல்லி டப்பா (நாத்தனார் தந்தது, மிட்டாய் மாதிரி மெல்லுறது): ஏ, சி, டி3, ஈ, பி6, பி12, பயோட்டின். சர்க்கரை 4 கிராம். இரும்பு, மெக்னீசியம் ரெண்டும் கண்ணுல படல.

வெள்ளை டப்பா (தம்பி அனுப்பினது, 50 வயசுக்கு மேல்னு போட்டிருக்கு): ஏ 750 மைக்ரோகிராம், அதுல 60% பீட்டா கரோட்டினா, டி3 25 மைக்ரோகிராம், பி6 2 மி.கி.; பி12 25 மைக்ரோகிராம்; ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம்; ஜிங்க் 11, காப்பர் 0.9 மி.கி.; அயோடின் 150, செலினியம் 55 மைக்ரோகிராம்; கால்சியம் 200 மி.கி. இரும்பு இல்லை. ஓரத்துல யு.எஸ்.பி.ன்னு ஒரு முத்திரை.

சிவப்புல நம்பர் எல்லாம் பெருசா இருக்கு, வெள்ளை பார்க்கவே சப்புன்னு இருக்கு. தரமானதுன்னு எதை வச்சு முடிவு பண்றது?


ஒத்தையடிப்பாதை:

மூணையும் திருப்பி அனுப்பிட்டு ஒழுங்கா சாப்பிட்டுத் தூங்குங்க. இதெல்லாம் காசு கொடுத்து மூத்திரத்துக்கு மஞ்சள் பூசுற வேலை.


வெயில்பூனை:

தூக்கம் வராததுக்கும் ஒரு மாத்திரை இருக்காம், அதையும் யாராவது வாங்கித் தருவாங்க :) விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


ஓய்வுபெற்ற_க்யூசி:

தங்கச்சி, மாத்திரைத் தொழிற்சாலையில தரப் பரிசோதனைப் பிரிவுலதான் என் உத்தியோகம் முழுக்க ஓடிச்சு. சத்து மாத்திரையும் பார்த்திருக்கேன், நிஜ மருந்தும் பார்த்திருக்கேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கணும்.

முதல்ல ஒத்தையடிப்பாதைக்கு. நீங்க சொல்றதுல பாதி சரி. அந்த மஞ்சள் ரைபோஃப்ளேவின், அதாவது பி2. உடம்பு எடுத்தது போக மிச்சத்தை வெளியே தள்ளுது. உள்ளே எதுவுமே சேரலைன்னு அதை வச்சுச் சொல்லிட முடியாது. ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்குப் பெரிய லாபம் இல்லைங்கிறதும் வாஸ்தவம்தான். 2024-ல அமெரிக்காவுல ஏறக்குறைய 3,90,000 பேரோட தகவலை அலசினாங்க. தினம் மல்டிவைட்டமின் போட்டவங்க கூடுதலா வாழலை. ஆனா ஆண் டாக்டர்கள் 14,641 பேரை வச்சு நடந்த இன்னொரு ஆய்வு 2012-ல வந்துச்சு. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைன்னு பத்து வருஷத்துக்கு மேல கொடுத்துப் பார்த்தாங்க. அதுல புற்றுநோய் 8% குறைஞ்சுது, இதய நோய் குறையலை. ஆகமொத்தம் இது அமிர்தமும் இல்ல, வெறும் மாவும் இல்ல. குறை இருக்கிற ஆளுக்குக் குறையை நிரப்பும், அவ்வளவுதான். அப்போ யாருக்கு என்ன குறைன்னு பார்க்காம ஒரே டப்பாவை மூணு பேருக்கு நீட்டுறதுல அர்த்தமே இல்லை. உங்க ஆசையில முதல் மண் என்னோடதுதான், மன்னிக்கணும்.

இப்போ சிவப்பு டப்பா. நம்பர் பெருசா இருக்குன்னு நீங்க மயங்குறதுக்காகத்தான் அந்த நம்பரைப் போட்டிருக்காங்க. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு பயோட்டின் 30 மைக்ரோகிராம் போதும், அவங்க 5000 போட்டிருக்காங்க. பயோட்டின் குறைபாடே அபூர்வம். குறையே இல்லாதவங்களுக்கு இது முடி வளர்க்கும்னு சொல்ல உருப்படியான ஆதாரம் கிடையாது. சும்மா போனாலும் பரவாயில்லை. ரத்தப் பரிசோதனையையே குழப்பி விடும். பல ஆய்வுக்கூடங்கள்ல தைராய்டு ஹார்மோனை அளக்கிற முறையே பயோட்டினை ஒட்டுப் பசையா வச்சுத்தான். ரத்தத்துல அது அளவுக்கு மேல மிதந்தா டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டுற ஹார்மோன்) குறைவாவும் டி4 (தைராய்டு சுரக்கிற ஹார்மோன்) கூடுதலாவும் பொய்க்கணக்கு காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனினைக் குறைச்சுக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல இதுக்கே தனியா எச்சரிக்கை விட்டுச்சு. அப்படித் தப்பாக் குறைஞ்சு வந்த ரிசல்ட்டால ஒருத்தர் இறந்ததையும் அதுல சொல்லியிருந்தாங்க. உங்க அம்மா தைராக்ஸின் போடுறவங்க, டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்துத்தான் டோஸை ஏத்துறதும் இறக்குறதும். அவங்க கைக்கு இந்த டப்பா போகவே கூடாது.

பி6 50 மி.கி.யும் எனக்குப் பிடிக்கலை. தேவை 2 மி.கி.க்கும் உள்ளே. அளவு மீறி ரொம்ப நாள் போட்டா கை கால் நரம்பு பாதிக்கும். மரத்துப்போறது, ஊசி குத்துற மாதிரி இருக்கிறது. அமெரிக்காவுல உச்சவரம்பு 100 மி.கி.ன்னு வச்சிருக்காங்க. ஐரோப்பாவுல 2023-ல அதை 12-க்கு இறக்கிட்டாங்க. தண்ணில கரையுற வைட்டமின்தானே, எவ்வளவு போட்டாலும் வெளியே போயிடும்னு சொல்றவங்க இந்த ஒண்ணை மறந்துடறாங்க.

ஜிங்க் 50-ல ஒரு சூட்சுமம் இருக்கு. அது தனி ஜிங்க்கோட எடையா, ஜிங்க் உப்போட எடையான்னு லேபிளைத் திரும்பப் பாருங்க. ஜிங்க் குளுக்கோனேட் 50 மி.கி.ன்னா அதுல நிஜ ஜிங்க் 7 மி.கி.தான். "எலிமென்டல்"னோ "இதற்குச் சமமான ஜிங்க்"னோ போட்டு 50 இருந்தா அது உச்சவரம்பான 40-ஐத் தாண்டிடுச்சு. மாசக்கணக்கா அப்படிப் போட்டா உடம்புல காப்பர் குறையும், அதனாலயே ரத்தசோகையும் வரும். வெள்ளை டப்பாக்காரன் ஜிங்க் 11-க்குப் பக்கத்துல காப்பர் 0.9 சேர்த்திருக்கான் பாருங்க. அதைப் போட்டவனுக்கு விஷயம் தெரியும்.

மூலிகைக் கலவை 350 மி.கி. இருக்கே, எந்தெந்த மூலிகை எவ்வளவுன்னு பிரிச்சு எழுதியிருக்கா? இல்லைன்னா அதுக்கு மேல படிக்க வேண்டாம். அளவைச் சொல்லாத எதுவும் அளக்க முடியாதது. என் மேஜைக்கு வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்.

வெள்ளை டப்பா சப்புன்னு இருக்குன்னீங்க. நல்ல மல்டிவைட்டமின் சப்புன்னுதான் இருக்கும். ஒவ்வொண்ணும் தினசரித் தேவையோட 100 சதவீதத்தைச் சுத்தித்தான் நிக்கணும். பி12 மட்டும் பத்து மடங்கு இருக்கு, அது சரிதான். வயசானவங்களுக்கு அது ஏறுறது கஷ்டம், கூடினாலும் கெடுதல் இல்லை. கால்சியம் ஏன் 200 மட்டும்னு சந்தேகம் வரலாம். நாள் தேவை 1000 மி.கி.; அதைக் கால்சியம் கார்பனேட்டா கொடுக்கணும்னா கார்பனேட் மட்டுமே இரண்டரை கிராம் வேணும், ஏன்னா அதுல 40%தான் கால்சியம். அவ்வளவு பெரிய மாத்திரையை யார் விழுங்குறது? ஒரே மாத்திரையில கால்சியம் முழுத் தேவையும் இருக்குன்னு எவனாவது சொன்னா மாத்திரையோட சைஸைக் கேளுங்க.

அந்த யு.எஸ்.பி. முத்திரைக்கு வர்றேன். பெரும்பாலான நாடுகள்ல சத்து மாத்திரையை மருந்து மாதிரி முன்கூட்டியே சோதிச்சு அனுமதி கொடுக்கிறதில்லை. அதனால வெளியாள் ஒருத்தர் சோதிச்சாங்களாங்கிறதுக்கு மதிப்பு உண்டு. யு.எஸ்.பி., என்.எஸ்.எஃப். மாதிரி அமைப்புகள் முத்திரை கொடுக்கணும்னா, லேபிள்ல சொன்ன சரக்கு சொன்ன அளவுல இருக்கான்னும் ஈயம், பாதரசம் மாதிரிக் கலப்படம் வரம்புக்குள்ள இருக்கான்னும் பார்ப்பாங்க. யு.எஸ்.பி. மாத்திரை கரையுதான்னும் சேர்த்துப் பார்க்கும். அந்த மாத்திரை உங்களுக்குத் தேவையாங்கிறதை எந்த முத்திரையும் சொல்லாது. டப்பாவுல அச்சடிச்சதை மட்டும் நம்பாம, அந்த அமைப்போட வலைத்தளத்துல இந்தப் பெயர் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. அச்சு யார் வேணா அடிக்கலாம்.

கரையுறதுன்னதும் ஞாபகம் வருது. எங்க கூடத்துல அதுக்குன்னு ஒரு கருவி இருக்கும். 6 கண்ணாடிக் குழாய், அடியில கம்பி வலை, குழாய்க்கு ஒரு மாத்திரை. 37 டிகிரி தண்ணிக்குள்ள நிமிஷத்துக்கு 30 தடவை போல அந்தக் கூடு ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். நல்ல மாத்திரை முதல்ல ஓரத்துல உப்பும், அப்புறம் தோல் பிளக்கும், கொஞ்ச நேரத்துல வலை வழியா மாவா இறங்கி ஓடிடும். அழுத்தம் கூடப் போய் அடிச்ச மாத்திரை இருக்கே, நேரம் முடிஞ்ச பிறகும் வலை மேல கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே என்ன சரக்கு இருந்தும் என்ன, திறக்காத பெட்டி அது. வெளியே இருந்து பார்த்தா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, பளபளப்பு வேணா கல்லுக்குத்தான் கூட இருக்கும்.

கடைசியா உங்களுக்கு. 41 வயசு, அலுப்பு, முடி கொட்டுது, போக்கு அதிகம். மல்டிவைட்டமினைத் தேடுறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்புல சேர்த்து வச்ச இரும்பைக் காட்டுற டெஸ்ட்) பாருங்க, கூடவே தைராய்டும். இரும்பு நிஜமாவே குறைஞ்சிருந்தா மல்டிவைட்டமின்ல இருக்கிற 18 மி.கி. பத்தாது, டாக்டர் தனியா இரும்பு மாத்திரை எழுதுவார். குறையலைன்னா உங்க வயசுப் பெண்களுக்கு 18 மி.கி. இரும்போட இருக்கிற சாதா டப்பா ஒண்ணு போதும்.


மருந்துக்கட்டு:

க்யூசி அண்ணன் சொன்னதுக்கு மேல அம்மா விஷயம் மட்டும் சேர்க்கிறேன், நான் பார்மசியில இருக்கேன்.

தைராக்ஸினும் மல்டிவைட்டமினும் ஒண்ணா வயித்துக்குள்ள போகக் கூடாது. கால்சியம், இரும்பு இது ரெண்டும் தைராக்ஸினைப் பிடிச்சு வச்சுக்கும், மருந்து ரத்தத்துல ஏறாது. 4 மணி நேர இடைவெளி வேணும். எங்க கவுன்ட்டருக்கு வர்ற பல பேர், எல்லா மாத்திரையையும் காலையில ஒரே கையில போட்டு ஒரே தண்ணில விழுங்கிட்டு, "டோஸை ஏத்திக்கிட்டே போறாங்க, தைராய்டு இறங்கவே மாட்டேங்குது"ன்னு புலம்புவாங்க.

மெட்ஃபார்மின் பல வருஷமா ஓடுதுன்னா பி12 குறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். 50-க்கு மேல வயித்துல அமிலம் குறையுறதால சாப்பாட்டுல இருக்கிற பி12 பிரிஞ்சு வர்றதும் சிரமம். மாத்திரையில இருக்கிற பி12-க்கு அந்தப் பிரச்சினை இல்லை. இருந்தாலும் ஏற்கனவே நல்லாக் குறைஞ்சு போயிருந்தா வெள்ளை டப்பால இருக்கிற 25 மைக்ரோகிராம் போதாம போகலாம், ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. கால் மரத்துப்போச்சுன்னு சொன்னா சர்க்கரையாலதான்னு நாமளே முடிவு கட்டிடுவோம், பி12 குறைஞ்சாலும் அதேதான் வரும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாக் கொடுத்தா ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கிட்டே இருக்கும். அதனால பி12-ஐ முதல்ல பாருங்க.

வார்ஃபாரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை எதுவும் போடலையே? போட்டா டப்பால வைட்டமின் கே இருக்கான்னு டாக்டர் கிட்ட காட்டாம ஆரம்பிக்காதீங்க.


வெயில்பூனை:

இல்லைங்க, அந்த மாதிரி எதுவும் இல்லை. அம்மா கிட்ட இப்போதான் கேட்டேன். கால் மரத்துப்போறது ரெண்டு வருஷமா இருக்காம்! என் கிட்ட சொல்லவே இல்லை. இந்த வாரமே பி12 எடுத்துடறோம். எனக்கும் ஃபெரிட்டின்.

சிவப்பு டப்பால ஜிங்க் எதிரே "எலிமென்டல்"னுதான் இருக்கு. சரி, அது வேண்டாம். வீட்டுக்காரர் மட்டும் "உங்க ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா என்ன, வீணாக்க வேண்டாம், நான் போட்டு முடிச்சுடறேன்"ங்கிறார். அவருக்குத்தான் தைராய்டு, சர்க்கரை எதுவும் இல்லையே? சிகரெட் மட்டும்தான், விடறேன் விடறேன்னு இன்னும் விட்டபாடில்லை.

ஜெல்லியைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலையே?


ஓய்வுபெற்ற_க்யூசி:

சிகரெட்டா? இதை முதல்லயே சொல்ல வேண்டாமா தங்கச்சி! அந்த டப்பாவைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க.

பீட்டா கரோட்டின் 15 மி.கி. இருக்குன்னு தட்டியிருந்தீங்களே, அதுதான் காரணம். நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும்னு நம்பி பின்லாந்துல சுமார் 29,000 ஆண்கள்ல, எல்லாரும் புகை பிடிக்கிறவங்க, பாதிப் பேருக்கு தினம் 20 மி.கி. கொடுத்துப் பார்த்தாங்க. 1994-ல முடிவு வந்துச்சு. போட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% கூடியிருந்துச்சு, குறையலை. அமெரிக்காவுல 30 மி.கி. பீட்டா கரோட்டினோட வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஆய்வுல 28% கூடுச்சு. 1996-ல பாதியிலேயே நிறுத்தினாங்க. நல்லது பண்ணும்னு எல்லாரும் அடிச்சுச் சொன்ன ஒண்ணு நேர் எதிரா திரும்பினதுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

வெள்ளை டப்பால எவ்வளவு இருக்குன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 750-ல 60% 450 மைக்ரோகிராம். மாத்திரையில வர்ற பீட்டா கரோட்டின் 2 மைக்ரோகிராம் சேர்ந்தாத்தான் ஏ 1 மைக்ரோகிராம். ஆக 900 மைக்ரோகிராம், 1 மி.கி.க்கும் கீழே. பின்லாந்துல கொடுத்ததுல இருபதுல ஒரு பங்குகூட இல்லை. இருந்தாலும் புகை பிடிக்கிறவருக்கு பீட்டா கரோட்டினே இல்லாத டப்பாவா எடுக்கிறதுதான் என் கட்சி. அவருக்கு மாத்திரையே எதுக்குன்னுதான் எனக்குப் புரியலை. 46 வயசு, வேற தொந்தரவு இல்லைன்னா அந்தக் காசை சிகரெட்டை விடறதுக்குச் செலவு பண்ணச் சொல்லுங்க.

ஜெல்லி: மாத்திரை தொண்டையில இறங்கவே மாட்டேங்குதுன்னு சொல்றவங்களுக்கு மட்டும். இரும்பைப் போட்டா துரு பிடிச்ச ருசி வரும், மெக்னீசியம் இடத்தை அடைக்கும், அதனாலதான் ரெண்டையும் விட்டுடறாங்க. ஈரப்பதம் இருக்கிற பண்டத்துல வைட்டமின் சீக்கிரம் அழியும். காலாவதி நாள்லயும் லேபிள் அளவு நிக்கணும்னு கூடுதலாப் போட்டுத்தான் அடைப்பாங்க. ஆக, புதுசா வாங்கின டப்பால லேபிளைவிடக் கூடவே இருக்கும். ருசியா இருக்குன்னு நாலு எடுத்து வாயில போட்டுக்கிற வீடு எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைங்க வந்து போற வீடுன்னா மேல் தட்டுல பூட்டி வைங்க. இரும்பு இருக்கிற டப்பாவுக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும். குழந்தை கைநிறைய இரும்பு மாத்திரையை விழுங்கினா உயிருக்கே ஆபத்து.


ஒத்தையடிப்பாதை:

க்யூசி சார், ஏறக்குறைய நான் முதல்ல சொன்ன இடத்துக்கே வந்துட்டீங்க போல :)


ஓய்வுபெற்ற_க்யூசி:

மூணுல ரெண்டு டப்பா வரைக்கும் வந்திருக்கேன். மூணாவதுல நீங்களும் நானும் வேற வேற பாதைதான்.


வெயில்பூனை:

சிவப்பும் ஜெல்லியும் திரும்பப் போகுது. நாத்தனார் கிட்ட என்ன சொல்றதுன்னு தனியா ஒரு கேள்வி போடணும். அம்மா வெள்ளையை எப்போ போடலாம்? காலையில எழுந்ததும் தைராக்ஸின், அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பிடுவாங்க.


மருந்துக்கட்டு:

ராத்திரிச் சாப்பாட்டோட போடட்டும். தைராக்ஸினுக்கு வெகு தூரம் தள்ளி இருக்கும். ஏ, டி, ஈ, கே எல்லாம் கொழுப்புல கரையுறது, சாப்பாடு உள்ளே இருந்தாத்தான் நல்லா ஏறும். வெறும் வயித்துல போட்டா சிலருக்கு ஜிங்க் குமட்டும். டப்பாவைக் குளியலறை அலமாரியில வைக்காதீங்க, உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சுற பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீங்க. பி12 ரத்தம் எடுத்த பிறகு ஆரம்பிங்க, முன்னாடியே போட்டா நம்பர் ஏறிக் காட்டும்.